ஐந்துக்கு ஐந்து

மீட்புப் படையில் அவளுக்குப் பெயர் காது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று பதிவேட்டில் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். இடிந்த கட்டடத்தின் மேல் ஆறு சென்சார்களை ஒட்டிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உள்ளே யாராவது தட்டுகிறார்களா, சுரண்டுகிறார்களா, முனகுகிறார்களா என்று கேட்பது அவள் வேலை. பதினோரு வருடமாகக் கேட்கிறாள். இந்தக் காதால் வீட்டிலும் வம்புதான். படுத்த இடத்தில் இருந்துகொண்டே, அடுப்படியில் குழாய் சொட்டுகிறது என்பாள். அவள் கணவர் தையல்காரர், நிதானமான மனிதர், எழுந்து போய் மூடிவிட்டு வருவார். மாமியார் மட்டும் உஷார். மகளோடு போனில் பேச வேண்டுமென்றால் கதவைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

அன்று காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், புத்தகம் பைண்டிங் செய்யும் கம்பெனி ஒன்று மூன்று மாடியும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். விரிசல் விடும் சத்தம் கேட்டதும் எல்லோரும் தலைதெறிக்க ஓடிவந்ததில் முப்பது பேர் வெளியே வந்துவிட்டார்கள். சிலருக்கு அடி, சிலருக்குப் பயத்தில் பேச்சே வரவில்லை. ஒருத்தி வரவில்லை. மடித்த தாள்களை நூல் கோத்துத் தைக்கிறவள். அவள் புருஷன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், நகக்கண்ணில் பழைய வெள்ளைப் பெயின்ட்டோடு அப்படியே ஓடிவந்திருந்தார். காது வண்டியிலிருந்து பெட்டியை இறக்கும்போது அவர் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், உள்ளேயே நின்றிருந்தார். அந்தப் பக்கம் நிற்கச் சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை.

கூட வேலை பார்த்தவள் ஒருத்தி, காலில் கட்டோடு தரையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"படிக்கட்டுல என் பின்னாடிதாங்க வந்தா. என் தோள்ல கை வச்சுக்கிட்டே வந்தா. கடைசிப் படியில கையக் காணோம். முன்பக்கப் படிக்கட்டுங்க, அங்க பாருங்க."

தளத்துக்குப் பொறுப்பான அதிகாரி அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு காதின் பக்கம் நடந்து வந்து, "இவங்க சொல்றதை ரொம்ப நம்ப முடியாதும்மா. அஞ்சு நிமிஷம் முன்னாடி ரெண்டாவது மாடின்னு சொன்னாங்க. பதட்டத்துல பேசுறது முக்கால்வாசி இரைச்சல். நீ கேட்டுச் சொல்லு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவளும் அப்போது அப்படித்தான் நினைத்தாள். இதைச் சொல்லாமல் விட்டால் அவளை நல்லவளாக்கிய மாதிரி ஆகிவிடும்.

சிக்னல் என்றால் நமக்கு வேண்டியது, இரைச்சல் என்றால் வேண்டாதது. பயிற்சியில் இதைச் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டு, அலையலையாகப் படம் வேறு போட்டார்கள். தளத்தில் இறங்கினால்தான் தெரியும், உலகத்தில் வேண்டாத சத்தம் எவ்வளவு என்று. ஜெனரேட்டர், இரண்டு தெரு தள்ளிப் போகும் பஸ், காற்றில் அடித்துக்கொள்ளும் தகரம், சொந்த பாரம் தாங்காமல் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் கான்கிரீட். பஸ்ஸையும் ஜெனரேட்டரையும் கருவியின் வடிகட்டியை வைத்து வெட்டிவிடலாம். அழுகிறவர்களை வெட்ட வடிகட்டி இல்லை. அதற்குத்தான் விசில். நீளமாக ஒரு விசில் ஊதினால் தளம் முழுக்க எந்த வேலை நடந்தாலும் நிறுத்த வேண்டும். இயந்திரம் அணையும், கடப்பாரை கீழே போகும், பேச்சு நிற்கும். ஒரு நிமிடம் ஊர் வாயை மூடிக்கொள்ளும். விசில் ஊதிய குழு சுத்தியலால் சுவரைத் தட்டிவிட்டுக் காத்திருக்கும்.

முதல் தடவை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது விசில் ஒன்பது நாற்பதுக்கு. காது சுத்தியலால் ஐந்து தட்டினாள். கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து ஐந்து வந்தது.

மங்கலாக, மண்ணைக் கடந்து வருகிற தட்டல். ஆனால் சீராக வந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஐந்து. இடிபாடு தானாக நொறுங்கினால் இப்படிச் சமமான இடைவெளியில் நொறுங்காது. தண்ணீர் சொட்டினால் ஐந்தோடு நிற்காது. இருந்தாலும் பயிற்சிப் புத்தகத்தில் சொன்னபடி எண்ணிக்கையை மாற்றி மூன்று தட்டினாள். மூன்று வந்தது. அவள் நெஞ்சு அடித்துக்கொண்டதில் ஹெட்போனில் அதுவே பெரிய சத்தமாக இருந்தது. திரையில் ஆறு சென்சாருக்கும் ஆறு கோடு. பின்பக்கம் ஒட்டியிருந்த சென்சாரின் கோடுதான் மற்றதைவிட உயரமாக எழும்பியிருந்தது. அதாவது சத்தம் பின்பக்கத்திலிருந்து வருகிறது.

பெயின்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்காங்க. தட்டினா தட்டுறாங்க" என்றாள்.

அவர் அப்படியே கீழே குந்தி உட்கார்ந்துவிட்டார். கட்டுப் போட்ட கூட்டாளி அங்கிருந்தே கும்பிட்டாள்.

பக்கத்து ஊர் படை ஒன்று இரண்டாவது விசிலுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து பின்தெருவில் இறங்கியிருந்தது. அவர்களிடமும் கேட்கும் கருவி உண்டு, கேட்கிற ஆள் உண்டு. அவர்களுடைய வாக்கிடாக்கி வேறு அலைவரிசை. அதனால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அதிகாரிதான் பேச வேண்டும். பத்து நிமிடத்தில் அவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"பின்பக்கமும் கேட்குதாம்மா. அஞ்சு, அப்புறம் மூணு. அவங்க கருவியில முன்பக்கத்துலேருந்து வர்ற மாதிரி காட்டுதாம். உனக்குப் பின்பக்கம் காட்டுது. அப்படின்னா நட்ட நடுவுல."

அவர் நோட்டில் கட்டடத்தை ஒரு கட்டமாக வரைந்து, இந்தப் பக்கத்திலிருந்து ஓர் அம்பு, அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அம்பு போட்டு, இரண்டும் முட்டுகிற இடத்தில் ஒரு சுழி போட்டார். நடுக்கூடம். காகிதம் வெட்டும் பெரிய இயந்திரங்கள் இருந்த இடம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் கூரை முழுதாக இறங்காமல் ஒரு பொந்து இருக்கும், அதில் மாட்டியிருப்பாள் என்று எல்லோருக்கும் தோன்றியது. இரண்டு சாட்சி ஒரே விஷயத்தைச் சொன்னால் நீதிமன்றமே நம்பும். இருந்தது ஒரே கிரேன். அது நடுக்கூடத்துக்குப் போனது. படிக்கட்டுப் பக்கம் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்த நான்கு பேரையும் அங்கே அனுப்பினார்கள்.

அன்று முற்பகல் முழுக்க அந்த இடத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. பின்னால் யோசித்தால் அதுதான் தாங்க முடியாதது. அரை மணிக்கு ஒரு தடவை விசில். காது தட்டுவாள், பதில் வரும், அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள், ஆட்கள் இன்னும் வேகமாக மண்ணை அள்ளுவார்கள். பெயின்டருக்குப் பேச்சு வந்துவிட்டது. அவளை மேடம் என்றவர் அக்கா என்று ஆரம்பித்தார்.

"அக்கா, பொண்ணு என் தங்கச்சி வீட்டுல இருக்கு, சாப்பிட்டாச்சுன்னு சொல்ல முடியுமா?"

"தட்டிச் சொல்ல முடியாதுங்க."

"அது சரி. நாங்க இங்கதான் இருக்கோம்னு புரியும்ல?"

"புரியும்."

"காலையில ஒரு வார்த்தை கோபமா பேசிட்டேன். பெருசா ஒண்ணுமில்ல, குடை விஷயம். குடைய எங்க வச்சன்னு கேட்டேன், அவ்வளவுதான். கேட்ட விதம் சரியில்ல."

பதினொன்றரைக்கு அவர் ஒரு தடவை தானே தட்டட்டுமா என்று கேட்டார். விதிப்படி கூடாது. அவள் சுத்தியலைக் கொடுத்தாள். தன் ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்தாள். அவர் இரண்டு தட்டினார். இரண்டு வந்தது. அந்த ஆளின் முகத்தை அவள் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

"ரெண்டுதான். அவதான்" என்றார்.

இரண்டு தட்டினால் இரண்டுதான் வரும். ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்கக்கூட அப்போது அவளுக்கு மனசில் இடமிருந்தது. அவ்வளவு நம்பிக்கையாக இருந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு கிரேன் கயிறு மாற்ற வேண்டும் என்று பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். டீ டிரம்மை நடுச்சந்தில் வைத்திருந்தார்கள். பின்பக்கத்துப் படையின் ஆள் ஒருவர் கழுத்தில் ஹெட்போனோடு வந்தார். அவரையும் அவர் படையில் காது என்றுதான் கூப்பிடுகிறார்களாம். இரண்டு பேரும் ஒரே பயிற்சிப் பள்ளி, நான்கு வருட இடைவெளி. அங்கே பாடம் எடுத்தவரின் மூக்கடைப்பைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள்.

"நம்மாளு நல்ல தெம்பா இருக்காங்க" என்றார் அவர். "நாங்க தட்டவே வேண்டியதில்ல. விசில் ஊதின உடனே தானா தட்டுறாங்க."

"தானாவா?"

"ஆமா. சில பேருக்குத்தான் அந்த விவரம் இருக்கும். அமைதி ஆச்சுன்னா நாம கேட்குறோம்னு புரிஞ்சு தட்டுறாங்க. நானும் உடனே பதில் தட்டிடுவேன். ஆள் தட்டினா அதே எண்ணிக்கையில பதில் தட்டி தைரியம் குடுக்கணும்னு புத்தகத்துல இருக்கே."

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"எங்களுக்கு நாங்க தட்டினாத்தான் தட்டுது" என்றாள்.

இடுப்புப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அவரும் எடுத்தார்.  அவள் நோட்டில் ஒன்பது நாற்பது, ஐந்து தட்டினேன், ஐந்து பதில். அவர் நோட்டில் ஒன்பது நாற்பது, ஐந்து கேட்டது, ஐந்து பதில் தந்தேன். ஒன்பது நாற்பத்தொன்று, மூன்று. மூன்று. பத்தேகால், நான்கு. நான்கு. பதினொன்றரையில் அவள் 'கணவர் தட்டினார், இரண்டு' என்று எழுதியிருந்தாள். அவர் நோட்டில் அதற்கு நேரே, 'இரண்டு, சற்று வேறு மாதிரி, சோர்ந்துவிட்டார் போல' என்று இருந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை.  விசில் ஊதிய குழு மட்டுமே தட்ட வேண்டும் என்பது அதே புத்தகத்தில் பதினெட்டாம் பக்கம். ஆள் தட்டினால் பதில் தட்ட வேண்டும் என்பது முப்பதாம் பக்கமோ என்னவோ. இரண்டு பேரும் புத்தகப்படிதான் செய்திருக்கிறார்கள். அவருக்குக் கேட்டதும் கட்டடத்துக்கு உள்ளிருந்து வந்ததுதான், அவளுக்குக் கேட்டதும் அப்படித்தான். மூன்று மணி நேரம் இரண்டு மீட்புப் படைகள், நடுவில் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, ஒன்றை ஒன்று நலம் விசாரித்திருக்கின்றன.

அவள் ஓடினாள். அதிகாரியிடம் சொல்லும்போது சொல் முன்னும் பின்னுமாக வந்தது. அவர் முதலில் கோபப்பட்டார், பிறகு நோட்டைப் பார்த்தார். விசிலை அவளே வாங்கி ஊதினாள். பின்பக்கத்தில் எல்லோரையும் கையில் எதுவும் இல்லாமல் தெருவோரமாக நிறுத்தினார்கள். தளம் அடங்கியது. அவள் ஐந்து தட்டினாள்.

ஒன்றும் வரவில்லை.

இன்னும் ஐந்து தட்டினாள். வடிகட்டியை எடுத்துவிட்டுக் கேட்டாள், சத்தத்தைக் கடைசிவரை ஏற்றிக் கேட்டாள். அவ்வளவு ஏற்றினால் கருவிக்குள்ளேயே ஓர் இரைச்சல் உண்டு, ஸ்ஸென்று, எந்தக் கருவியாலும் அதைத் தவிர்க்க முடியாது. அதற்குள் மூச்சு மாதிரி ஏதாவது கேட்குமா என்று தேடினாள். கேட்கிற மாதிரியும் இருந்தது. வேண்டுமென்று கேட்டால் அந்த இரைச்சலில் எதுவும் கேட்கும். அவளுக்கு அது தெரியும், அதனால் தலையை ஆட்டினாள்.

பெயின்டருக்கு அதிகாரி சொல்வதாகச் சொன்னார். காது தானே சொல்கிறேன் என்றாள். சொன்னாள். அவர் முழுதாகக் கேட்டார். புரிந்ததா என்று தெரியவில்லை.

"அப்ப படிக்கட்டுல பார்க்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார்.

படிக்கட்டில் பார்த்தார்கள். கிரேனைத் திருப்பி, முன்பக்கம் கொண்டுவந்து, மேலே கிடந்த இரண்டு கான்கிரீட் பலகைகளை எடுக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிப் படிக்கும் சுவருக்கும் நடுவில் அவள் இருந்தாள். முழங்காலுக்குக் கீழே மாட்டியிருந்தது. அதற்கு மேலே மாட்டவில்லை. தோளில் போட்டிருந்த துணியைத் தொடைக் காயத்தின் மேல் அவளே இறுக்கிக் கட்டியிருந்தாள், நூல் கோக்கிறவள் போடுகிற முடிச்சு. கைக்கு எட்டும் தூரத்தில் கைப்பிடிக் கம்பியின் துண்டு ஒன்று கிடந்தது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். உயிர் போய் ஒரு மணி நேரம் இருக்கும், மிஞ்சினால் ஒன்றரை என்றார். மெதுவாகச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

காதுக்கு மனக்கணக்கு தானாக ஓடியது. ஓடாதே என்றால் நிற்கிற கணக்கு இல்லை அது. ஒன்பது நாற்பதுக்கு கிரேன் இங்கே வந்திருந்தால் பதினொன்றரைக்கு வெளியே எடுத்திருக்கலாம். பதினொன்றரைக்குத்தான் புருஷன் சுத்தியலை வாங்கித் தட்டியது.

அவள் பெட்டியை மூடினாள். சென்சார்களைச் சுரண்டி எடுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்து அதனதன் குழியில் வைத்தாள். செய்ய வேறு வேலை இல்லை. அந்த இன்னொரு காது தூரத்தில் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் போக இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை. ஒரு விஷயம் அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. கை வேலை செய்திருக்கிறது, முடிச்சுப் போடும் அளவுக்கு நினைவு இருந்திருக்கிறது, பக்கத்தில் கம்பி இருந்திருக்கிறது. அப்படியிருக்க, ஏன் தட்டவில்லை? இயந்திரம் ஓடும்போது தட்டி, அடங்கியபோது ஓய்ந்திருப்பாளா? ஒரே ஒரு தட்டு எண்ணிக்கையில் கூடியிருந்தால்கூட, ஐந்துக்கு ஆறு வந்திருந்தால்கூட, காது விட்டிருக்க மாட்டாள்.

பெயின்டர் வந்து எதிரில் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

"நான் தட்டினேனே அக்கா, ரெண்டு. அதுக்கும் அவர்தான் பதில் தட்டினாரா?"

"ஆமாங்க."

அவர் தலையாட்டினார்.

"எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்குமா?"

இதற்குப் பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். எந்தப் பக்கம் சொன்னால் பொய் அவருக்கு நல்லது என்றே தெரியவில்லை. கான்கிரீட்டில் சத்தம் எப்படிப் போகும் என்பது அவளுக்குப் பாடம். நடுவில் இருப்பவருக்கு இரண்டு ஓரத்தில் இருப்பவர்களைவிட நன்றாகக் கேட்கும்.

"கேட்டிருக்கும். ரெண்டு பக்கமும் கேட்டிருக்கும்."

அவர் கொஞ்ச நேரம் நகக்கண்ணில் இருந்த வெள்ளையைச் சுரண்டிக்கொண்டே நின்றார். பிறகு, தெரியாத ஒன்றை அவளுக்கு விளக்குகிற மாதிரி, பொறுமையாகச் சொன்னார்.

"அதான் சும்மா இருந்திருக்கா. ரெண்டு பேர் பேசிக்கிட்டிருந்தா நடுவுல பேசமாட்டா அக்கா. அவங்க முடிக்கட்டும்னு நிப்பா."